கிரகணம் தெரியும், மேகம் தெரியாது

2024 ஏப்ரல் 8 அன்று பிற்பகல் 3 மணி 19 நிமிடமளவில் ரொறன்ரோ நகரில் பகல் இருண்டது. முழுச் சூரிய கிரகணத்தின் பாதை நகருக்குச் சற்றுத் தெற்கே, ஹமில்டன், நயாகரா வழியாகப் போனது. ரொறன்ரோவுக்கு மேலே சூரியனில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இந்த நேரமும் பாதையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்தவை. அவற்றை நம்பித்தான் நகரின் பள்ளிக் கல்விச் சபை அன்றைக்கு மாணவருக்கு விடுப்பு விட்டது. நயாகரா வட்டாரம் வரப்போகும் கூட்டத்தை எண்ணிப் பதினொரு நாள் முன்னதாகவே அவசரநிலை அறிவித்தது. ஆனால் அன்று வானம் தெளிந்திருக்குமா, மேகம் மூடியிருக்குமா என்பதை ஒரு வாரம் முன்புகூட எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேகம் மூடித்தான் இருந்தது. நயாகராவில் கூடியவர்களுக்கு மேகம் விலகிய சில கணங்களே வாய்த்தன. ரொறன்ரோவில் தெரியப்போகும் அடுத்த முழுக் கிரகணம் 2144 ஒக்டோபர் 26 அன்று. அந்த நாளும் இப்போதே எழுதப்பட்டிருக்கிறது. அன்றைய வானம் எழுதப்படவில்லை.

கிரகணத்தை முன்கூட்டிச் சொல்வது பழைய வித்தை. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு, அந்த ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். சோழிகளைத் தரையில் வைத்து எண்ணினார். வேண்டிய அட்டவணைகள் எல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் மனப்பாடத்தில் இருந்தன. கிரகணத் தொடக்கத்தில் அவருக்கு நேர்ந்த பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றும் தமிழ் வீடுகளில் எழும் விவாதம் இதே வேலையைச் செய்யும் இரண்டு முறைகளைப் பற்றியது. அதே பஞ்சாங்கங்களில் மழைக்கும் குறிப்பு உண்டு. அது ஆண்டுக்கு இத்தனை மரக்கால் என்று பொதுவாகச் சொல்லும். கிரகணத்தைப் போல நாழிகை விநாழிகை குறித்துச் சொல்லாது.

சூரியனும் நிலாவும் பூமியும் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஓடுகின்றன. மேகமும் அப்படித்தான். காற்றின் ஒவ்வொரு சிறு பகுதியும் தன்மேல் படும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் பூமியின் சுழற்சிக்கும் ஏற்பவே நகர்கிறது. அதற்கான சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. விதி இரண்டு பக்கமும் தெரிந்திருக்க, ஒன்றில் நூறாண்டு முன்னே பார்க்க முடிவதும் மற்றதில் பத்து நாள்கூடப் பார்க்க முடியாததும் ஏன்?

காற்றில் கோடானுகோடி துகள்கள், வானத்தில் மூன்றே பொருள்கள், ஆகவே காற்று கடினம் என்பது உடனே தோன்றும் விடை. இது பொருந்தாது. ஒரு கம்பியின் நுனியில் இன்னொரு கம்பியைக் கோத்துத் தொங்கவிட்டால் இரட்டை ஊசல் கிடைக்கும். அதில் இருப்பவை இரண்டே பகுதிகள். அதை உயரத் தூக்கி விட்டால் சில வீச்சுகளுக்குப் பிறகு எந்தப் பக்கம் சுழலும் என்று சொல்ல முடியாது. அதே உயரத்தில் மீண்டும் தூக்கி விட்டாலும் வேறு விதமாகவே ஆடும். பொருள்களின் எண்ணிக்கையை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. அறியாமல் விட்ட சிறு பிழை காலப்போக்கில் எப்படி வளர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

இதற்குக் கடனும் வட்டியும் நல்ல உவமை. எந்த அளவீட்டிலும் கொஞ்சம் பிழை இருக்கும். அதை முதல் என்று கொள்ளலாம். சில இயக்கங்களில் இந்த முதலுக்குத் தனி வட்டிதான். ஆண்டுதோறும் ஒரே அளவு கூடும்; நூறு ஆண்டு கழித்தும் கட்டக்கூடிய தொகையாகவே இருக்கும். வேறு சில இயக்கங்களில் வட்டிக்கு வட்டி ஏறுகிறது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிழை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிமீற்றர் பிழை பத்து இரட்டிப்பில் ஒரு மீற்றர் ஆகும். இருபதில் ஒரு கிலோமீற்றர். முப்பதில் ஆயிரம் கிலோமீற்றர். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதாக இராது. தொடக்க நிலையில் நேரும் மிகச் சிறிய வேறுபாட்டைக்கூட இப்படிப் பெருக்கிக் காட்டும் இயல்புக்குத் தொடக்கநிலை உணர்திறன் என்று பெயர். இதன் கடுமையான விளைவு, துல்லியத்தைக் கூட்டினால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்பது. அளவீட்டைப் பத்து மடங்கு நுட்பமாக்கினால் முன்னே பார்க்கும் தொலைவு பத்து மடங்கு நீளாது. மூன்று சொச்சம் இரட்டிப்புக் காலம் மட்டுமே கூடும்.

இதை முதலில் கண்முன் கண்டவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ். 1961இல் அவர் பன்னிரண்டு சமன்பாடுகளால் ஆன ஒரு பொம்மை வானிலையைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியை மீண்டும் பார்க்க விரும்பி, முன்பு அச்சான தாளிலிருந்து எண்களை எடுத்துத் தட்டச்சிட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது, பழைய வானிலையைத் திரும்பக் காட்டியிருக்க வேண்டிய கணினி முற்றிலும் வேறொன்றைக் காட்டியது. இயந்திரம் பழுதோ என்றுதான் முதலில் ஐயப்பட்டார். காரணம் அச்சுத் தாளில் இருந்தது. கணினி தன் நினைவில் 0.506127 என்று வைத்திருந்ததைத் தாளில் 0.506 என்று சுருக்கி அச்சிட்டிருந்தது. வேறுபாடு ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பொம்மை உலகில் பிழை நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தது. பன்னிரண்டு முறை இரட்டித்தால் நாலாயிரம் மடங்கைத் தொட்டுவிடும். அதற்கு வேண்டியது 48 நாள். இரண்டாம் மாதத்தில் எங்கோ இரண்டு வானிலைகளுக்கும் ஒற்றுமையே இல்லாமல் போனதாக லோரன்ஸ் கண்டதும் இதனால்தான்.

1963இல் அவர் இதை மூன்றே சமன்பாடுகளுக்குச் சுருக்கி வெளியிட்டார். 1972இல் நிகழ்த்திய உரையின் தலைப்புத்தான் உலகெங்கும் பரவியது: பிரேசிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சாசில் சூறாவளி எழுமா என்ற கேள்வி. தலைப்பை வைத்தவர் லோரன்ஸ் அல்லர். அமர்வை ஏற்பாடு செய்த பிலிப் மெரிலீஸ். 2008இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தின் வழியாக இந்த வண்ணத்துப்பூச்சி தமிழ் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சிறு செயல் சங்கிலித் தொடராகப் பெரிய விளைவைத் தரும் என்பதே அதற்குப் பொருள் என்று பலர் கொள்கிறார்கள். லோரன்ஸ் காட்டியது வேறு. வண்ணத்துப்பூச்சிகள் கணக்கற்றவை. ஒவ்வொன்றின் சிறகடிப்பும் சூறாவளியை எழுப்பவும் கூடும், தடுக்கவும் கூடும். அவற்றில் ஒன்றை அளக்காமல் விட்டாலும் எதிர்வுகூறல் தவறும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இந்த இயலைத் தமிழில் ஒழுங்கின்மைக் கோட்பாடு என்பார்கள். கணிதத்தில் ‘கேயாஸ்’ என்ற சொல்லை நிலைநாட்டியவர்கள் லீ, யோர்க் என்ற இருவர், 1975இல். ஒழுங்கின்மை என்ற சொல் விதியே இல்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. இங்கோ விதி முழுமையாக இருக்கிறது. தாயக்கட்டை உருட்டுவது போன்ற தற்செயல் எதுவும் அதில் இல்லை. ‘கலங்கல்’ என்று சொன்னால் இன்னும் பொருந்தும். கலங்கிய குளத்துக்கும் அடி உண்டு, பார்வைதான் அதுவரை எட்டுவதில்லை. ஆனாலும் கேயாஸ் என்பதே பழகிவிட்ட சொல்.

பிழை இரட்டித்துக்கொண்டே போனால் வானிலையும் எல்லை மீறிப் போய்விட வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். ரொறன்ரோவின் ஸ்கார்பரோப் பகுதியில் உள்ள தமிழ்க் கடைகளில் வீச்சு ரொட்டி போடுபவரின் கைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர் மா உருண்டையை வீசி இழுக்கிறார். இரு மடங்கு அகலமானதும் மடிக்கிறார். மீண்டும் இழுத்து மீண்டும் மடிப்பதாக நினைத்துக்கொள்ளலாம். மாவுக்குள் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு எள் இருந்தால், முதல் இழுப்பில் இடைவெளி இரண்டு மில்லிமீற்றர், அடுத்ததில் நான்கு. எட்டாவது இழுப்பில் ஒரு சாண். அதற்குமேல் ஒன்று இந்த மடிப்பிலும் மற்றது அந்த மடிப்பிலும் போய்விடும். ஒன்றின் இடத்தை வைத்து மற்றதன் இடத்தைச் சொல்ல வழியில்லை. ஆனால் இரண்டும் மாவுக்குள்ளேதான் இருக்கின்றன. இழுத்தல் பிழையைப் பெருக்குகிறது, மடித்தல் எல்லைக்குள் வைத்திருக்கிறது. கேயாஸ் உள்ள எல்லா இயக்கத்திலும் இந்த இரண்டும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். மாவின் இடத்தில் கணிதர்கள் ஈர்ப்பான் என்ற சொல்லை வைக்கிறார்கள்: இயக்கம் எப்போதும் சுற்றிச் சுற்றி வரும் எல்லைப்பரப்பு. ரொறன்ரோவில் வரும் ஜனவரி 20 அன்று பனி பெய்யுமா என்று இன்று சொல்ல முடியாது. அன்று 30 பாகை வெயில் அடிக்காது என்று சொல்ல முடியும். வானிலை தெரியாதபோதும் காலநிலையைப் பற்றிப் பேச முடிவது இதனால்தான்.

இதுவரை சொன்னதிலிருந்து வானம் தனி வட்டிப் பக்கம், காற்று கூட்டு வட்டிப் பக்கம் என்று தோன்றலாம். நீண்ட காலம் அறிவியலும் அப்படியே நம்பியது. கோள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் ஒழுங்கு மெல்லச் சிதையும், அவ்வப்போது கடவுள் கை வைத்துச் சரிசெய்ய நேரும் என்று நியூட்டன் கருதினார். வியாழனும் சனியும் காட்டிய விலகல் ஏறத்தாழ 900 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒழுங்கான ஆட்டமே என்று லாப்லாஸ் 1780களில் காட்டியபின் அந்த அச்சம் நீங்கியது. ஹென்றி புவான்கரே 1889இல் மூன்று பொருள்களின் இயக்கம் பற்றிய கட்டுரைக்காக ஸ்வீடன் அரசரின் பரிசைப் பெற்றார். அச்சேறும் நேரத்தில் அதில் ஒரு பெரிய பிழை வெளிப்பட்டது. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற்று, பரிசுத் தொகையைவிடக் கூடுதலாகத் தன் பணத்தைச் செலவிட்டு மறுபதிப்புக் கொண்டுவந்தார். அந்தத் திருத்தத்தில்தான் மூன்று பொருள்களின் ஓட்டம்கூட எழுத்தில் வரைய முடியாத அளவு பின்னிக்கொள்ளும் என்பது முதன்முறையாகத் தெரிந்தது. நேர்மையாகத் திருத்தப்பட்ட ஒரு பிழையிலிருந்து ஒரு துறையே பிறந்திருக்கிறது.

சூரிய மண்டலமே கேயாஸ் கொண்டது என்று காட்ட நூறு ஆண்டு ஆனது. 1989இல் பாரிசில் ஜாக் லாஸ்கர் ஏறத்தாழ 1,50,000 உறுப்புகள் கொண்ட சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டி, உள்வட்டக் கோள்களான புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியவற்றின் ஓட்டத்தில் பிழை கூட்டு வட்டியில் வளர்வதைக் கண்டார். பூமியின் இடத்தை இன்று 15 மீற்றர் தவறாகக் குறித்தால், ஒரு கோடி ஆண்டில் அது 150 மீற்றர் ஆகும். அற்பம் என்றே தோன்றும். ஒவ்வொரு கோடி ஆண்டுக்கும் பத்து மடங்கு என்று போனால், பத்துக் கோடி ஆண்டில் பிழை 15 கோடி கிலோமீற்றர். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். பூமி அப்போது தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்கும் என்றே தெரியாது.

முதல் புதிருக்கு இங்கேதான் விடை முழுமையாகிறது. கோள்களின் பிழை இரட்டிக்க ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டு ஆகிறது. 2144இன் கிரகணம் 2024இலிருந்து 120 ஆண்டு. அதாவது ஓர் இரட்டிப்புக் காலத்தில் 25 ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய அளவு வானிலையில் பிழை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகிறது. அதில் 25 ஆயிரத்தில் ஒரு பங்கு 7 நொடி. 120 ஆண்டுக்குப் பிறகு வரும் கிரகணத்தைச் சொல்வதும், தலைக்கு மேலே இருக்கும் மேகம் இன்னும் 7 நொடிக்குப் பிறகும் அங்கே இருக்கும் என்று சொல்வதும் ஒரே அளவு எளிய வேலைதான். பத்து நாள் தாண்டிய வானிலையைக் கேட்பது கோள்களிடம் ஒன்றரைக் கோடி ஆண்டு தாண்டிக் கேட்பதற்குச் சமம். கிரகணமும் மேகமும் இருவேறு வகை இயற்கை என்று தோன்றுவதற்கு மனித ஆயுள் குறுகியது என்பதே காரணம்.

வானத்தில் மாவை இழுப்பது எது? இந்தக் கேள்வியில் ரொறன்ரோவுக்குத் தனி இடம் உண்டு. 1984இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கனடிய வான்பௌதிகக் கோட்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஸ்கொட் ட்ரெமெய்ன். தோமஸ் குயின், மார்ட்டின் டங்கன் ஆகியோருடன் அவர் பூமியின் பாதையை 30 லட்சம் ஆண்டுக்கு நேரடியாகக் கணித்து 1991இல் வெளியிட்டார். லாஸ்கரின் கணக்கு பாதையைச் சராசரி எடுத்துச் செய்த சுருக்குவழி. இவர்களுடையது அடியடியாக நடந்த நெடுவழி. இரண்டையும் ஒப்பிட்டு, லாஸ்கர் கண்டது உண்மைதான் என்று மூவர் சேர்ந்து 1992இல் உறுதி செய்தார்கள். ட்ரெமெய்னும் லாஸ்கரும் குயினும். சுருக்குவழியால் வந்த மாயையோ என்ற ஐயம் அத்துடன் தீர்ந்தது.

அதே நிறுவனத்தின் நோர்மன் மறே, மத்தியூ ஹோல்மனுடன் சேர்ந்து 1999இல் வெளிக் கோள்களின் கேயாசுக்கு மூலம் கண்டார். ஊஞ்சலில் ஆடும் பிள்ளையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலும் சேர்ந்து பெரிய ஆட்டமாகும். இலங்கைப் பாடநூல்கள் இதைப் பரிவு என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒத்ததிர்வு என்றும் சொல்லும். இரு கோள்களின் சுற்றுக் காலங்கள் எளிய விகிதத்தில் அமைந்தால் இந்தத் தள்ளல் நடக்கும். வியாழன் ஐந்து சுற்றுச் சுற்றும்போது சனி ஏறத்தாழ இரண்டு சுற்றுகிறது. ஒரே ஊஞ்சலை ஒருவர் ஒரு தாளத்திலும் மற்றவர் சற்றே மாறிய தாளத்திலும் தள்ளினால், எந்த ஆட்டத்தில் எவர் கை முந்தும் என்பது மிகச் சிறு வேறுபாட்டைப் பொறுத்துவிடும். வியாழன், சனி, யுரேனஸ் மூன்றுக்கும் இடையே இப்படிப் பரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதே கேயாசுக்குக் காரணம் என்று இருவரும் காட்டினார்கள். இதனால் யுரேனஸ் வெளியே எறியப்பட வேண்டுமானால் 1க்குப் பின் 18 சுழி இட்ட அளவு ஆண்டுகள் வேண்டும். கேயாஸ் என்றால் உடனே சிதறிப்போவது என்று எண்ண வேண்டியதில்லை.

கேயாசைப் பொது வாசகருக்கு எடுத்துச் சென்ற நூல்களில் ஜேம்ஸ் கிளெய்க் 1987இல் எழுதிய ‘கேயாஸ்’ மிகப் புகழ்பெற்றது. அது வானிலை, பாயும் நீர், விலங்கினத் தொகை என்று பூமியிலேயே பெரும்பாலும் நிற்கிறது. வானத்துக்கு அதே வேலையைச் செய்தது 1993இல் வந்த ‘நியூட்டன்ஸ் குளொக்’. எழுதிய ஐவர்ஸ் பீட்டர்சன் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் வேதியியலும் படித்தவர். இதழியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழைய வானியலிலிருந்து தொடங்கிப் புவான்கரே வழியாக லாஸ்கரிடம் வந்து சேரும் அந்த வரிசை, இந்த இயலுக்குள் நுழைபவருக்கு வண்ணத்துப்பூச்சியைவிட நல்ல வழித்துணை.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் கோள்களின் பாதையைக் கணிக்கும் வேலை இப்போதும் நடக்கிறது. அங்கு பேராசிரியராக உள்ள ஹன்னோ ரைன் உருவாக்கிய ‘ரீபவுண்ட்’ என்ற கணினி நிரல் பொதுவில் இலவசமாகக் கிடைக்கிறது. 2018 பெப்ரவரி 6 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரு சிவப்பு டெஸ்லா காரை ரொக்கட்டில் வைத்து விண்ணுக்கு அனுப்பியது. அந்தக் கார் எப்போதாவது பூமியில் வந்து விழுமா என்று ரைனும் டானியல் தமாயோவும் டேவிட் வொக்ரூலிட்ஸ்கியும் சில நாளுக்குள் கணித்தார்கள். கார் 2091இல் பூமிக்கு அருகே வரும் என்பதுவரை தெளிவாகத் தெரிகிறது. அதன்பின் கணக்குக் கலங்கிவிடுகிறது. கேரம் பலகையில் காய் இன்னொரு காயில் பட்டுத் தெறிக்கும்போது, குறி ஒரு மயிரிழை தவறினாலும் தெறிக்கும் திசை வெகுவாக மாறும். அடுத்த காயில் பட்டால் இன்னும் மாறும். பூமியை ஒவ்வொரு முறை நெருங்கிப் போவதும் அப்படி ஒரு தெறிப்பு. ஆகவே அவர்கள் ஒரு காரை மட்டும் கணிக்கவில்லை. தொடக்க நிலை மிக மிகச் சிறிதே வேறுபட்ட நூற்றுக்கணக்கான கற்பனைக் கார்களைக் கணினியில் ஓடவிட்டு, எத்தனை எங்கே போய் முட்டுகின்றன என்று எண்ணினார்கள். அடுத்த பத்து லட்சம் ஆண்டில் பூமியில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு 6, வெள்ளியில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு 2.5 என்று வந்தது.

ஒரே விடைக்குப் பதில் விடைகளின் கூட்டத்தைக் கணிக்கும் இந்த முறைக்குக் குழும முன்கணிப்பு என்று பெயர் சொல்லலாம். லாஸ்கரும் மிக்கேல் கஸ்தினோவும் 2009இல் இதே முறையில் 2,501 சூரிய மண்டலங்களை 500 கோடி ஆண்டுக்கு ஓட்டினார்கள். அடுத்தடுத்த மண்டலங்களுக்கிடையே புதனின் பாதை அளவில் வைத்த வேறுபாடு 0.38 மில்லிமீற்றர் மட்டுமே. நூற்றில் ஒன்றில் புதனின் பாதை நீண்டு ஒடுங்கி, வெள்ளியிலோ சூரியனிலோ மோதக்கூடிய நிலைக்குப் போனது. மற்றவற்றில் கோள்கள் இன்றுபோலவே சுற்றிக்கொண்டிருந்தன. ஸ்கார்பரோவில் காரெட் பிரௌனும் ரைனும் 2022இல் வேறொரு கேள்வி கேட்டார்கள்: நம்மைக் கடந்துபோகும் ஒரு விண்மீன் கோள்களைச் சற்றே அசைத்துவிட்டால்? நெப்டியூனின் பாதை அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே உள்வட்டம் குலையும் வாய்ப்புப் பத்து மடங்காகும் என்று கண்டார்கள். அந்த ஒரு பங்கு ஏறத்தாழ 45 லட்சம் கிலோமீற்றர். நிலாவின் தூரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. கடைசிக் கோளில் நேரும் அசைவு மற்றக் கோள்களின் வழியாகக் கடத்தப்பட்டு முதற் கோளான புதனை வந்து தொடுகிறது.

இவை எல்லாம் கணினிக்குள் நடப்பவை. கணினியும் எண்களைச் சுருக்குகிறது. லோரன்சுக்கு நேர்ந்தது இங்கும் நேராதா? நேரும். அதனால்தான் எந்த ஒரு ஓட்டத்தையும் எவரும் உண்மை என்று கொள்வதில்லை. வெவ்வேறு இயந்திரங்கள், வெவ்வேறு கணக்கு முறைகள் எல்லாவற்றிலும் பிழை வளரும் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஜெரால்ட் சஸ்மனும் ஜாக் விஸ்டமும் 1992இல் லாஸ்கரின் முறையோடு தொடர்பில்லாத வேறு வழியில் பத்துக் கோடி ஆண்டைக் கணித்தபோதும் அதே வேகமே கிடைத்தது.

கணினிக்கு வெளியேயும் ஒரு சாட்சி இருக்கிறது, அது பாறை. ரொறன்ரோவில் டொன் பள்ளத்தாக்கின் பழைய செங்கற்சூளை வளாகத்துக்குப் போனால், வடக்குச் சரிவில் மணலும் களியுமாக அடுக்குகள் வெட்டிவைத்தது போலத் தெரியும். பனியுகத்தின் குளிரும் இடைப்பட்ட வெப்பமும் மாறி மாறி விட்டுப்போன படிவுகள் அவை. பூமியின் பாதை வட்டத்தை நெருங்குவதும் நீள்வதுமாக மாறும்போது வெயிலின் பங்கீடு மாறுகிறது, காலநிலை மாறுகிறது, படிவின் நிறமும் தடிப்பும் மாறுகின்றன. இதே எழுத்தைப் பல கோடி ஆண்டு பழைய பாறைகளிலும் வாசிக்கலாம். பூமியும் செவ்வாயும் ஒன்றையொன்று இழுப்பதால் இன்று 24 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு தாளம் இருக்கிறது. சூரிய மண்டலம் கடிகாரம் போன்றதானால் இந்தத் தாளம் என்றும் மாறக் கூடாது. கேயாஸ் உண்மையானால் அது கடந்த காலத்தில் வேறாக இருந்திருக்க வேண்டும். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொலராடோவின் 9 கோடி ஆண்டளவு பழைய சுண்ணாம்புப் பாறை அடுக்குகளில் இந்தத் தாளம் மாறிய தடத்தைக் கண்டார்கள். நியூ ஜேர்சியில் 20 கோடி ஆண்டுக்கு முந்திய ஏரிப் படிவுகளில் அது ஏறத்தாழ 17.5 லட்சம் ஆண்டாக இருந்ததாக 2019இல் ஒரு குழு அறிவித்தது. கணிதம் பின்னோக்கிப் பார்க்க முடியாத தொலைவிலிருந்து சேறு சாட்சி சொல்கிறது. இந்த இயலின் சான்றுகளில் இதற்கு நிகரானது வேறொன்றும் இல்லை.

கோள்களுக்குச் செய்யும் குழுமக் கணக்கே நாள்தோறும் வானிலைக்கும் செய்யப்படுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க மையங்கள் 1992 டிசம்பரில் தொடங்கின. மொன்றியல் அருகே டோர்வலில் உள்ள கனடிய வானிலை மையம் சில ஆண்டுகளில் அவற்றைத் தொடர்ந்தது. அங்கே இன்றைய வானத்தின் அளவீடுகளைப் பிழையின் எல்லைக்குள் சற்றே மாற்றி மாற்றி இருபது வானங்களை உண்டாக்கி முன்னோக்கி ஓட்டுகிறார்கள். நாலைந்து நாளுக்கு எல்லாம் சேர்ந்தே ஓடினால் எதிர்வுகூறலை நம்பலாம். இரண்டாம் நாளே சிதறினால் அன்றைய வானம் கலங்கலானது என்று தெரிந்துகொள்ளலாம். எப்போது நம்பக் கூடாது என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடிவது இதனால்தான். மழைக்கு 40 விழுக்காடு வாய்ப்பு என்று கைபேசியில் வரும் எண்ணைப் பலர் வானிலையாளரின் தயக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு: அந்த வட்டாரத்தில் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டால், அங்கு 0.2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை விழும் வாய்ப்பு நூற்றுக்கு 40.

பிழை இரட்டிக்கும் காலம் வானிலையிலும் ஒரே அளவாக இல்லை என்று லோரன்ஸ் 1969இல் காட்டினார். ஆயிரம் கிலோமீற்றர் அகலத் தாழமுக்கத்தில் அது நாள்கணக்கு. பத்துக் கிலோமீற்றர் அகல இடிமேகத்தில் ஒரு மணி நேரமளவே. 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை கொட்டியது. டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் கார்கள் நீரில் நின்றன. யூனியன் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்று நகரை நோக்கி வருவதை முந்திய நாள் கணினிகளால் காட்ட முடியும். இடிமேகங்கள் எந்தத் தெருக்களின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் என்பதைக் காட்ட முடியாது. அந்த அளவில் வானிலையாளர் சமன்பாட்டைவிட ராடாரை நம்புகிறார். நகருக்கு வடக்கே கிங் சிட்டியில் உள்ள ராடார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானத்தைச் சுற்றிப் பார்த்து, மழை இப்போது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று படம் தருகிறது. அந்த நகர்வை அப்படியே நீட்டிப் பார்த்து, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எச்சரிக்கை விடுக்கிறார்கள்.